லைனிங் 17 மில்லிமீட்டர்

காவேரிப்பட்டணத்தில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் என்ற வார்த்தையை ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வேன். லைனிங் வைக்கணுமா, லைனிங் துணியை நீங்களே எடுத்துத் தர்றீங்களா, நனைச்சுக் காயப்போட்டுத்தான் வெட்டணும், இப்படி. அதனால் ஸ்கேன் சென்டரில் கொடுத்த தாளைப் படித்துச் சொன்ன டாக்டர் "கர்ப்பப்பை லைனிங் 17 மில்லிமீட்டர் இருக்கும்மா" என்றபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பயம் எல்லாம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான். பையில் இஞ்ச் டேப் எப்போதும் கிடக்கும். எடுத்துத் திருப்பி மறுபக்கத்தில் சென்டிமீட்டர் கோட்டைப் பார்த்தேன். ஜாக்கெட்டைப் பின்னால் பிரித்துக்கொள்ள உள்ளே விடுகிற அரை இஞ்ச் துணியைவிட அதிகம். மாதவிலக்கு நின்று ரத்தம் பட்ட பெண்ணுக்கு இது 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். 4 எங்கே, 17 எங்கே.

முதலிலிருந்து சொல்கிறேன். இது நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். அப்போது எனக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஆனி மாசம் ஒரு நாள் பாவாடையில் ஒரு கறை, காபிப்பொடி நிறத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு. அன்று காலைதான் மெஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தேன், அதுதான் பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதுகூடப் பொய். தையல்காரிக்கு ரத்தக் கறை தெரியாமல் போகுமா? விரலில் ஊசி ஏறித் துணியில் ரத்தம் பட்டால் உடனே எங்கள் எச்சிலையே தொட்டுத் துடைப்போம், வந்துவிடும். எத்தனை பேருடைய முகூர்த்தப் பட்டில் அப்படி என் ரத்தம் பட்டுப் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் லேசான சிவப்பு. அப்புறம் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான் நாத்தனாரிடம் மட்டும் சொன்னேன். "மாம்பழம் தின்ன சூடு அண்ணி, சிலருக்கு நின்ன அப்புறமும் ஒரு தடவை எட்டிப் பாத்துட்டுப் போகும்" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் மாம்பழ மண்டியில் எடை போடுகிற வேலை, சீசனில் வீட்டில் மூலைக்கு மூலை மாம்பழம்தான், அதனால் இந்த விளக்கம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடித்தேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மோர். ஆடி போய் ஆவணி வந்தது. ஆவணி முகூர்த்தம் என்றால் எங்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷின் ஓடும், இந்த நேரத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவது?

நடுவில் ஒரு கிளினிக்குக்குப் போனேன், எந்த ஊர் எந்த கிளினிக் என்பதெல்லாம் வேண்டாம். உள்ளே போய் வெளியே வர நாலு நிமிஷம். ரத்தம் நிற்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நின்றது. மாத்திரை தீர்ந்து பத்து நாளில் திரும்ப வந்தது. திரும்பவும் அதே மாத்திரை. இப்படி இரண்டு மாசம். ஸ்கேன் எடு என்று அங்கே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரை ரத்தத்தைத்தான் நிறுத்தும், அது ஏன் வருகிறது என்று பார்க்காமலே இரண்டு மாசம் ஓடிவிட்டது என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை நிறையப் பேர் செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள் அல்லவா, அதற்குப் போனேன். எதையோ தடவிப் பார்த்து "நார்மல்மா" என்றார்கள். எனக்கு உயிர் வந்துவிட்டது. அது கர்ப்பப்பையின் வாய்க்கு உள்ள சோதனை. எனக்கு வந்திருந்தது அதற்கு மேலே, உள்ளே, கர்ப்பப்பைச் சுவரின் உள்பக்கத்தில். பை வாயில் தையல் நன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே துணி நைந்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? கர்ப்பப்பை வாயில் செய்கிற சோதனை, அது செல்லை வழித்தெடுத்துப் பார்க்கிற பாப் ஸ்மியராகவே இருந்தாலும், உள்லைனிங் புற்றுநோயைப் பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இதில் அவர்கள் மேல் தப்பே இல்லை. அந்த சிஸ்டர் "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா"ன்னு கேட்டார், பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் வரிசையில் நின்றார்கள், நான் "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாசாமாசம் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிற பெண்ணிடமும் சொல்லவில்லை. அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார்கள் என்று பெருமையாகப் பேசிக்கொள்வோம். மருத்துவம் வாசல் வரைக்கும் தேடி வந்தது, நான்தான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்க வைத்தது என் வாடிக்கையாளர் ஒருத்தர், கிராம சுகாதார செவிலியர். அளவு கொடுக்க வந்தவர், நான் நாற்காலியிலிருந்து எழும்போது பின்னால் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் கவனித்துவிட்டார். "என்னக்கா, உங்களுக்கு நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே?" ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "நின்னு ஒரு வருஷம் ஆயிடுச்சுன்னா அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் கணக்குதான்க்கா. பிரவுனா இருந்தாலும், ரோஸா இருந்தாலும், வலி இல்லைன்னாலும். நாளைக்கே கிருஷ்ணகிரி போங்க. ரத்தம் நிக்க மாத்திரை வேணாம், கீழ் வழியா ஸ்கேன் எடுக்கணும்னு நீங்களே கேளுங்க." நீங்களே கேளுங்க என்ற அந்த வார்த்தைதான் வேலை செய்தது.

ஸ்கேனுக்கு அப்புறம் சதை எடுத்துச் சோதிக்கணும் என்றார்கள். பயாப்ஸி என்றதும் கத்தி, மயக்கம் என்று நினைத்துப் போனேன். அப்படி இல்லை. மெல்லிய ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு இழுத்தார்கள், மயக்க மருந்தெல்லாம் இல்லாமலே. வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். மாதவிலக்கு முதல் நாள் வலியை நாலு மடங்காக்கி இரண்டு நிமிஷத்துக்குக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, முடிந்ததும் இறங்கி நடந்து வந்து டீ குடித்தேன். எடுத்ததை ஒரு சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் போட்டு லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். உள்ளே தக்காளித் தோல் துணுக்கு மாதிரி ஏதோ மிதந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதை மஞ்சப்பையில் வைத்து, பை ஆடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லேப் வரைக்கும் நடந்தார். நாப்பது கிலோ மாங்கா பெட்டியைத் தூக்கி எறிகிற மனுஷன்.

பத்து நாள் கழித்து ரிசல்ட். எண்டோமெட்ரியாய்ட் கார்சினோமா, கிரேடு 1. கர்ப்பப்பை உள்லைனிங் புற்றுநோய், அதில் மெதுவாக வளர்கிற வகை.

எனக்கு ஏன் வந்தது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பரம்பரையா, யாராவது கண் வைத்தார்களா, செய்த பாவமா, எல்லாம் மனசில் ஓடியது. அவர் மேஜையில் கிடந்த தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, தையல் என்றதும், என் பாஷையிலேயே சொன்னார். ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் இருக்கிறதே, அதன் வேலை ஒவ்வொரு மாசமும் கர்ப்பப்பைக்குள் லைனிங் துணியை அடுக்குவது. கரு வந்து உட்கார மெத்தை மாதிரி. அடுக்கிக்கொண்டே போகும், அதற்கு நிறுத்தத் தெரியாது. மாசத்தின் நடுவில் முட்டை வெளியே வந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்று இன்னொரு ஹார்மோன் சுரக்கும். போதும் அடுக்கினது என்று அதுதான் சொல்லும், துணியைப் பதப்படுத்தி வைக்கும். கரு தங்கவில்லை என்றால் இரண்டும் குறைந்து லைனிங் பிய்ந்து விழும், அதுதான் மாதவிலக்கு. "பெடலை மிதிக்கிறது ஈஸ்ட்ரோஜன், சக்கரத்துல கையை வெச்சு நிறுத்துறது புரோஜெஸ்டிரோன்னு வெச்சுக்குங்க" என்றார். நிறுத்துகிற கை இல்லாமல் மிதித்துக்கொண்டே இருந்தால் லைனிங் தடித்துக்கொண்டே போகும், கொஞ்ச காலத்துக்கு வெறும் தடிப்பு, அப்புறம் செல்களுடைய உருவமே கோணல்மாணலாக மாறும், அதற்கப்புறம் புற்றுநோய். ஒரு நாளில் நடப்பதில்லை, வருஷக்கணக்கில் நடப்பது. வெறும் தடிப்பாக இருக்கும்போதே வந்திருந்தால் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்தோ, காப்பர் டி மாதிரியே உள்ளே வைக்கிற, அந்த ஹார்மோன் கசிகிற ஒரு சாதனத்தை வைத்தோ திருப்பியிருக்கலாம் என்றும் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது. நின்றே ஒன்றரை வருஷம் ஆகிறது, சினைப்பை ஓய்ந்துவிட்டது, பின்னே ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? டாக்டரம்மா என் இடுப்பைக் காட்டினார். அப்போது 84 கிலோ, உயரம் ஐந்தடி. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கொஞ்சம் ஆண் வகை ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்குமாம், வயசானாலும். உடம்புக் கொழுப்பில் இருக்கிற அரோமட்டேஸ் என்ற நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கொழுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஈஸ்ட்ரோஜன். நிறுத்துகிற கையான புரோஜெஸ்டிரோன் மட்டும் கிடையாது, ஏனென்றால் முட்டையே வருவதில்லை. சதை என்றால் சும்மா தொங்குகிற மூட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது ஒரு சின்ன ஃபேக்டரியாம். சர்க்கரை நோய் இருந்தால் உடம்பில் இன்சுலின் அதிகமாகி அதுவும் சேர்ந்து உசுப்பிவிடும். எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. மாதவிலக்கு தாமதமாக நின்றதும் ஒரு காரணம், கர்ப்பப்பை அத்தனை வருஷம் கூடுதலாக ஈஸ்ட்ரோஜனைப் பார்த்திருக்கிறது. எங்கள் அம்மாவுக்கு 47இல் நின்றது, எனக்கு 54 வரைக்கும் வந்ததை நான் உடம்பு தெம்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்து அளவு நோட்டுகளை எடுத்தேன். என் அளவையும் அதில்தான் எழுதி வைப்பேன், வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளி ஜாக்கெட்டுக்கு. முதல் நோட்டில் மார்பு 34. அப்புறம் 36, 38. கடைசியில் 44. ஒவ்வொரு வருஷமும் என் கையாலேயே அளந்து, என் கையாலேயே எழுதி, உள்மடிப்பைப் பிரித்துவிட்டுக்கொண்டு, என்ன நடக்கிறது என்று பார்க்காமலே இருந்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, பவர் மெஷின் போட்ட பிறகு காலுக்கு மிதிக்கிற வேலையும் இல்லை. பக்கத்தில் என் வாடிக்கைக்காரப் பெண்களின் அளவுகள். அதையும் புரட்டிப் பார்த்தேன், அது வேண்டாத வேலைதான், ஆனாலும் பார்த்தேன்.

ஊரில் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பிராய்லர் கோழிதான் காரணம், ஊசி போட்டு வளர்க்கிறான் என்பதுதான் அதிகம் பேர் சொன்னது. டாக்டரம்மாவிடம் கேட்டேன், சிரித்தார். கோழியைத் தேடிப் போக வேண்டாம், உங்கள் உடம்பே தயாரிக்கிற ஹார்மோனைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார். கருத்தடை மாத்திரை சாப்பிட்டதால்தான் வந்தது என்றாள் ஒரு சின்னம்மா, நான் அதைச் சாப்பிட்டதே இல்லை என்பது வேறு. உண்மை நேர் எதிராம். சாதாரணக் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகையும் சேர்ந்தே இருக்கிறது, அதைச் சில வருஷம் சாப்பிட்டவர்களுக்கு உள்லைனிங் புற்றுநோய் வருவது குறைவு, நிறுத்திப் பல வருஷத்துக்குப் பிறகும்கூட. அதற்காகப் பிரஷர், ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் இருப்பவர்கள் எல்லாம் தானாக வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது.

என் மகன் பி.பார்ம் படித்தவன், கிருஷ்ணகிரியில் மெடிக்கலில் இருக்கிறான். அவன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவில் மாதவிலக்கு நிற்கிற வயசுப் பெண்களுக்கு உடம்பு எரிச்சலுக்கும் வியர்வைக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம், லட்சக்கணக்கான பேருக்கு. 1975இல் இரண்டு ஆய்வுகள் வந்தன, அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று. அதற்கப்புறம்தான் கர்ப்பப்பை இருக்கிற பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக் கூடாது, புரோஜெஸ்டிரோனும் சேர்த்துத்தான் கொடுக்கணும் என்று ஆனது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்குத் தனியாகக் கொடுக்கலாம், அங்கே தடிக்க லைனிங்கே இல்லையே. "அதனாலதான்ம்மா பழைய சீட்டைக் காட்டி ஹார்மோன் மாத்திரை கேட்டா நான் குடுக்கறதில்லை" என்றான்.

இப்போது என் மகள் விஷயம். இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது அதுதான், என் ஆபரேஷனைவிட.

மகளுக்கு அப்போது 28 வயது, ஓசூரில் இருக்கிறாள், கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குப் பதினாறு வயசிலிருந்தே நீர்க்கட்டி. நாலு மாசத்துக்கு ஒரு தடவை, ஐந்து மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும். ஷிஃப்ட்டுக்கு வசதியாக இருக்கிறது என்று அவளே சொல்வாள், நானும் "தொல்லை இல்லாம இருக்கியே கண்ணு, நாங்க பட்ட பாடு உனக்கில்லை" என்று சொல்லியிருக்கிறேன். நீர்க்கட்டி என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு கவலைதான், குழந்தை. மாமியார் கேட்பதும் அதுதான், கோயிலில் தொட்டில் கட்டுவதும் அதற்குத்தான். பிள்ளை பிறந்துவிட்டால் நீர்க்கட்டியை எல்லாரும் மறந்துவிடுவார்கள், பிள்ளை வேண்டாம் என்கிறவளுக்கு அது வியாதியே இல்லை. டாக்டரம்மா என் குடும்ப விவரம் கேட்கும்போது, யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று கேட்டார். குடல் புற்றுநோயும் கர்ப்பப்பைப் புற்றுநோயும் சேர்ந்து வருகிற பரம்பரை வகை ஒன்று இருக்கிறதாம். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. மகளைப் பற்றிக் கேட்டபோது பெருமையாகத்தான் சொன்னேன், அவளுக்கு வருஷத்துக்கு மூணு தடவைதான் வரும் என்று. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாதவிலக்கு வரவில்லை என்றால் முட்டை வெளியே வரவில்லை என்று அர்த்தம். முட்டை வரவில்லை என்றால் புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் அடுக்கிக்கொண்டே இருக்கிறது. எனக்கு 56இல் நடந்ததும் அவளுக்கு 28இல் நடந்துகொண்டிருப்பதும் ஒரே விஷயம்தான், ஆரம்பிக்கிற இடம்தான் வேறு. இந்தப் புற்றுநோய் 40 வயதுக்குக் கீழே அபூர்வம், ஆனால் வருகிறவர்களில் பலருக்கு நீர்க்கட்டியும் உடம்பு எடையும் இருக்கும் என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் ரிசல்ட்டுக்குக்கூட நடுங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை வரவழைத்தேன். "எனக்கு என்னம்மா, குழந்தைக்குப் பாக்கறப்ப பாத்துக்கலாம்" என்றாள். மருமகன் நல்ல மாதிரி, அவரே விடுப்பு போட்டுக் கூட்டிப்போனார். லைனிங் கொஞ்சம் தடிப்பு, சதை எடுத்துப் பார்த்ததில் கெட்டது ஒன்றும் இல்லை. புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை பத்து நாள் கொடுத்தார்கள், நிறுத்தின மூன்றாம் நாள் வந்தது, நிறையவே வந்தது, பயந்து போன் செய்தாள். மூன்று மாசத்துக்கு ஒரு தடவையாவது லைனிங் இறங்கிவிடணும், தானாக வரவில்லை என்றால் மாத்திரை போட்டு வர வைக்கணும் என்பதுதான் அவளுக்குச் சொன்னது. கூடவே நடை, எடை. இப்போதெல்லாம் நாள்காட்டியில் சுழித்து வைக்கிறாள்.

ஆபரேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேலத்தில் செய்தோம். எம்ஆர்ஐ எடுத்ததில் சுவருக்குள் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கியிருந்தது. கர்ப்பப்பை, இரண்டு சினைப்பை, குழாய்கள் எல்லாம் எடுத்தார்கள், பக்கத்தில் நிணநீர்க் கணுவும் கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள். முதல் நிலை, ஒன்று ஏ. கதிர்வீச்சும் வேண்டாம், கீமோவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கர்ப்பப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி நன்றாக இருக்கிறார்கள் என்ற கணக்கை டாக்டர் எனக்காகக் காகிதத்தில் எழுதியே கொடுத்தார். இரண்டு மாசம் மாத்திரையில் தள்ளினேனே, அதற்கும் இப்படி அமைந்தது என் அதிர்ஷ்டம்.

சர்க்கரை 300ஐத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஆபரேஷன் தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது, புண் ஆறாது, கிருமி சேரும் என்று. அந்த ஒரு வாரம் இன்சுலின் போட்டுக் குறைத்தார்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் ரிசல்ட் வந்த அன்றைக்கே சர்க்கரையைப் பிடிக்க ஆரம்பித்துவிடுங்கள், தேதி மிச்சமாகும்.

பணம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போனது. ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். எங்களிடம் அட்டை இல்லை, ரிசல்ட் வந்த பிறகுதான் ஓடினோம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற காப்பீட்டுக் கவுண்டருக்குப் போகணும். வியாதி வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவது எவ்வளவு எரிச்சல் என்று அலைந்தவர்களுக்குத்தான் தெரியும், உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, சேலத்திலிருந்து பஸ்ஸில் வராதீர்கள். நாங்கள் காரில்தான் வந்தோம், அதற்கே தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரை மனசுக்குள் வைதுகொண்டு வந்தேன்.

திரும்பக் கடை திறந்த பிறகு ஒரு அக்கா வந்தார். மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பக்கம் எடுத்தவர், அவருக்கு நான்தான் ஜாக்கெட்டுக்குள் ஒரு பை தைத்துப் பஞ்சு வைத்துக் கொடுப்பேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிற மாதிரி. அவர் டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். நான் ஈஸ்ட்ரோஜன் கதை சொல்லப்போக, அந்த மாத்திரையால் கர்ப்பப்பையில் வரும் என்று யாரோ சொன்னார்களே என்று நிறுத்திவிடப் பார்த்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய டாக்டரையே கேட்கச் சொன்னேன். விஷயம் உண்மைதான், மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற அதே மாத்திரை கர்ப்பப்பைக்குள் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்கிறது, மாதவிலக்கு நின்றவர்களுக்கு லைனிங் புற்றுநோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஆனால் மார்பில் திரும்ப வராமல் அது காப்பது அதைவிடப் பெரிய விஷயம். நிறுத்தக் கூடாது, ரத்தம் பட்டால் மட்டும் அன்றைக்கே வந்து சொல்லணும் என்றார்களாம். இதனால்தான் எனக்கு இப்போது அரைகுறையாகப் பேசப் பயம். கதையைச் சொன்னால் முழுசாகச் சொல்லணும்.

முழுசாகச் சொல்வதென்றால் இதையும் சொல்லணும். நின்ற பிறகு ரத்தம் படுகிற பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருத்தருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மற்றவர்களுக்குக் காய்ந்து மெலிந்த தோல், சின்னச் சதை வளர்ச்சி, இப்படி ஏதாவது. ஆனால் இந்தப் புற்றுநோய் வந்தவர்களைத் திருப்பிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ரத்தம் பட்டது என்றுதான் சொல்வார்கள். முதல் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கூடாது, இரண்டாவதை மட்டும் கேட்டுவிட்டு அழவும் கூடாது. ஒல்லியாக இருக்கிறேன், சர்க்கரை இல்லை, எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஃபேக்டரி இல்லை என்றும் இருக்காதீர்கள், ஈஸ்ட்ரோஜனோடு அவ்வளவு சம்பந்தம் இல்லாத முரட்டு வகை ஒன்றும் இருக்கிறது, அது ஒல்லியானவர்களுக்கும் வரும். மாதவிலக்கு இன்னும் நிற்காத நாப்பத்தைந்து வயசுக்காரிகளுக்கு மாசத்துக்கு இரண்டு தடவை, பத்துப் பதினைந்து நாள், கட்டிகட்டியாக என்று போனால் "நிக்கற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்கிறவர்கள் பேச்சையும் கேட்க வேண்டாம்.

நான் இப்போது தினமும் காலையில் தென்பெண்ணைப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். 84 இப்போது 75. மார்பு 40. பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் பிடித்துத் தைக்கிற வேலை வேறு.

போன மாசம் நாத்தனார் வந்தாள், மாம்பழச் சூடு என்றவளேதான். ஷட்டரை அவளே பாதி இறக்கினாள், எனக்குப் புரிந்துவிட்டது. நின்று ஆறு வருஷமாம், இரண்டு நாளாக லேசாகப் படுகிறதாம். கையோடு கிருஷ்ணகிரி கூட்டிப்போனேன். லைனிங் 3 மில்லிமீட்டர். தோல் காய்ந்து உரசுவதால் வருகிறது என்று சொல்லி உள்ளே தடவ ஒரு கிரீம் எழுதிக் கொடுத்தார்கள், திரும்பவும் பட்டால் உடனே வரணும் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அந்த டியூபைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணி, இதுல ஈஸ்ட்ரோஜன்னு போட்டிருக்குதாம், உங்க பையன் படிச்சுச் சொன்னான். நீங்கதானே அது ஆகாதுன்னீங்க?" எனக்கும் பதில் தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டோம். அளவு ரொம்பக் கொஞ்சம், தடவுகிற இடத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும், ரத்தத்தில் ஏறுவது சொற்பம், அதனால் லைனிங் அடுக்காது, பயப்படாமல் போடச் சொல்லுங்கள் என்றார்கள். "அப்போ ஆகும்ங்கறீங்களா ஆகாதுங்கறீங்களா?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள். டியூபை அவள் பையில் போட்டுவிட்டு, வந்ததோடு அளவு கொடுத்துவிட்டுப் போ என்று டேப்பை எடுத்தேன்.